மீற்றர் அண்ணையும் நூற்றெழுபத்தொரு மில்லிமீற்றரும்

சுவிற்சர்லாந்தில் அல்ப்ஸ் மலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அளந்து முடித்த ஒரே மனிதர் எங்கள் மீற்றர் அண்ணைதான். மலையை விட்டுவைத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்த நாட்டுப் பள்ளிக்கூடப் புத்தகங்களில் இரண்டு மூன்று சிகரங்கள் கொஞ்சம் குட்டையாகியிருக்கும்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? அதைக் கண்டுபிடிக்க ஒருமுறை ஊஸ்டரில் அவர் வீட்டுத் தபால்பெட்டியைப் போய்ப் பார்த்தேன். இங்கே தபால்பெட்டியின் பெயர்த் தகடு ஒரே அளவில்தான் இருக்கும். எங்கள் ஆட்களின் பெயர்கள் அதற்குள் அடங்குவதில்லை. மற்றவர்கள் எழுத்தைச் சின்னதாக்கிச் சமாளிப்பார்கள். அண்ணை தகட்டை அளந்து, அதில் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு பெயரை மட்டும் எழுதி, மிச்சத்தை விட்டுவிட்டார். அதனால் அவர் பெயர் ‘சிவபாலசுந்த’ என்று அந்தரத்தில் நிற்கிறது. தபால்காரர் இன்றைக்கும் அவரை “ஹெர் சிவபாலசுந்த” என்றுதான் கூப்பிடுகிறார்.

“ஏன் அண்ணை இப்பிடி?” என்று கேட்டேன்.

“இடம் காணாது தம்பி. பேரை வெட்டலாம். தகட்டை இழுக்க ஏலுமோ?”

தொழில், குசினி பொருத்துவது. அடுப்பு, ஓவன், பாத்திரம் கழுவும் மெஷின் எல்லாவற்றையும் அலுமாரிகளுக்கு இடையில் மயிரிழை பிசகாமல் இருத்திவிட்டு வருவார். காற்சட்டையின் தொடைப் பக்கத்தில் நீளமாக ஒரு பை. அதற்குள் மஞ்சள் நிற மடக்கு மீற்றர். பத்தாக மடித்திருக்கும், விரித்தால் இரண்டு மீற்றர். கலியாண வீட்டுக்கு வேட்டியோடு வந்தாலும் இடுப்பில் அது செருகியிருக்கும். சாமி கும்பிடக் குனியும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். புதிதாக வந்தவர்கள், மனுசனின் முதுகெலும்பு போய்விட்டது என்று தூக்க ஓடுவார்கள்.

எதில் என்ன அளவு எழுதியிருந்தாலும் அவர் நம்பமாட்டார். “எழுதினவன் அளந்தவனோ?” என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் ஐம்பத்தொரு சென்ரிமீற்றர் என்று எழுதினார்களாம். அண்ணை பிள்ளையைப் பார்த்தார், அழுதார், கண்ணைத் துடைத்தார், மீற்றரை விரித்தார். ஐம்பதரை. தாதியைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னார். “அரை சென்ரிமீற்றர் கூட இருந்தால் இருந்திட்டுப் போகட்டுமே” என்று கட்டிலில் இருந்தபடி மனைவி கெஞ்சியிருக்கிறார். “பிறந்த அண்டைக்கே பிள்ளைக்குப் பொய் பழக்கிறதோ?” என்றாராம் அண்ணை. திருத்தித்தான் இருக்கிறார்கள்.

அதே மகளுக்குக் கலியாணம் பேசி வந்தபோது, மாப்பிள்ளை ஐந்தடி பத்து அங்குலம் என்று தரகர் சொன்னார். இந்த நாட்டில் யார் வீட்டுக்குப் போனாலும் சப்பாத்தை வாசலில் கழற்றவேண்டும். மாப்பிள்ளையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தேத்தண்ணி வருவதற்கு முன்னால் அண்ணை அவரைக் கதவு நிலையில் நிறுத்தினார். ஐந்து எட்டு. அண்ணை வாசலுக்குப் போய்ச் சப்பாத்தின் குதியை அளந்துகொண்டு வந்து, “ஓம், மிச்சம் ரெண்டு அங்குலமும் வெளியில நிக்குது. தரகர் பொய் சொல்லேல்லை” என்றார். மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்தபடியால்தான் கலியாணம் சரிவந்தது.

சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் இன்னும் இரண்டு விஷயம் சொல்லவேண்டும். அவற்றைச் சொல்லும்போது என் நெஞ்சு ஒரு சென்ரிமீற்றராவது அகலும்.

ஒன்று, பொட்டு. புதுக் கார் வாங்கினால் நாங்கள் சந்தனம் குங்குமம் வைப்போமே, அதைப் போல அண்ணை தான் பொருத்துகிற ஒவ்வொரு மெஷினையும் உள்ளே தள்ளுவதற்கு முன்னால் அதன் முதுகில் ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். வீட்டுக்காரருக்குத் தெரியாது. மெஷின் சுவரோடு ஒட்டிவிட்டால் பிறகு யார் பார்க்கப்போகிறார்கள்? ஆகவே ஊஸ்டரிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ சுவிஸ் குடும்பங்கள், தங்கள் ஓவன் முதுகில் பொட்டோடு நிற்பது தெரியாமலே கேக் சுட்டுக்கொண்டிருக்கின்றன. முப்பது வருடமாக அவர் பொருத்திய ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்று அவருடைய சுவிஸ் முதலாளியே சொல்லுவாராம்.

மற்றது, பென்சில். வேலை முடிந்ததும் அலுமாரியின் கண்ணுக்குத் தெரியாத உட்பக்கத்தில் உண்மையை எழுதிவைப்பார். ‘சுவர் நாலு மி.மீ. சரிவு.’ ‘இடப்பக்கத் துளை பிழை. நான் போட்டது.’ பின்னால் கழற்றப்போகிறவனுக்கு ஒரு கடிதம்.

எனக்கு அவர் பழக்கமானதே என் முட்டாள்தனத்தால்தான். நான் வயோதிபர் இல்லம் ஒன்றில் சமையல் உதவியாளன். சனி ஞாயிறுகளில் வீடியோக்காரன். குடியேறிய புதிதில், எல்லை தாண்டிப் போய் ஜெர்மனியில் மலிவாக ஒரு பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கி, நண்பனின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வெற்றிவீரனாக வந்து இறங்கினேன். சுவிஸ் குசினியில் அதற்கு விட்டிருக்கும் இடம் ஐம்பத்தைந்து சென்ரிமீற்றர். எல்லைக்கு அந்தப் பக்கம் மெஷின் அறுபது. இது இங்கே எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. யாரோ மீற்றர் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் இடத்தை அளந்தார், மெஷினை அளந்தார், கடைசியில் என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

“தம்பி, அஞ்சு சென்ரிமீற்றர் கூட.”

“இடிச்சுத் தள்ளினால் போகாதோ அண்ணை?”

“போகும். அங்கால வீட்டுக்குப் போகும்.”

அந்த மெஷின் மூன்று மாதம் எங்கள் வரவேற்பறையில் மேசைவிரிப்போடு நின்றது. மேலே பூச்சாடி. வந்தவர்கள் புதுவகை அலுமாரி என்று பாராட்டினார்கள்.

மனிதன் ஒருமுறை பட்டால் திருந்தவேண்டும். நான் ஒருமுறை பட்டுத் திருந்துகிற ஆள் இல்லை.

போன வருடம் மனைவியின் அக்கா மகளுக்குக் கலியாணம் வந்தது. பிள்ளை இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பிறந்ததிலிருந்து இன்றுவரையான படங்களைக் கோர்த்து, ஓர்லிகோன் மண்டபத்தின் பெரிய திரையில் போட பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்று வேண்டும் என்றாள். அவளுடைய அப்பா, அதாவது ஆராவில் இருக்கும் என் சகலன், காசு கொடுத்துத் தொழில்காரரைப் பிடிக்கலாம் என்றார். பிள்ளை ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

“நை, பப்பா. சித்தப்பாதான் செய்யவேணும். என்ர ஃபர்ஸ்ட் பேர்த்டேயே அவர்தானே எடுத்தவர்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு மனிதன் வாயைத் திறக்கக்கூடாது. “சினிமாத் தரத்தில செய்து தாறன் பிள்ளை” என்று திறந்துவிட்டேன்.

என் கம்பியூட்டர் ஒரு அலுவலகத்திலிருந்து கழித்துவிட்ட சின்னப் பெட்டி. இரண்டு தடித்த அகராதிகளை அடுக்கினால் வருகிற உயரம். கடிதம் எழுதவும் பஸ் நேரம் பார்க்கவும் பிறந்த உயிர். அதில் சினிமாத் தரப் படத்தை ஏற்றி ‘முடி’ என்று அமத்தினேன். முப்பத்தொரு மணித்தியாலம் ஆகும் என்றது. மூன்றாவது மணித்தியாலத்தில் மயங்கி விழுந்தது. எழுப்பினேன். மறுபடி விழுந்தது. கலியாணத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது.

சகலன் தொலைபேசியில் வந்தார்.

“என்ன ஐசே, படம் முடிஞ்சுதோ?”

“முடியுது, முடியுது.”

“வெள்ளிக்கிழமை காலமை என்ர கையில இல்லையெண்டால் நான் வேற ஆளைப் பிடிப்பன். நானூறு பேருக்கு முன்னால என்ர பிள்ளையின்ர கலியாணத்தில திரை கறுப்பா நிக்கக்கூடாது. விளங்குதோ?”

விளங்கியது. திரை கறுப்பாக நின்றால் அடுத்த முப்பது வருடத்துக்கு எங்கள் குடும்பத்தில் எந்தக் கொண்டாட்டத்திலும் என்னைத்தான் இனிப்புக்குப் பதிலாகப் பரிமாறுவார்கள். அதைக்கூடத் தாங்கிவிடலாம். சித்தப்பாதான் செய்யவேண்டும் என்று நின்ற பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

படத்தை வேகமாக முடிக்க ஒரு கிராபிக்ஸ் கார்ட் போடு என்று வேலையிடத்துப் பொடியன் ஒருவன் சொல்லியிருந்தான். சனிக்கிழமை காலை ஓர்லிகோனில் ஒரு கடைக்குப் போய், இருப்பதில் மிகப் பெரியதைக் காட்டச் சொன்னேன். மூன்று விசிறி வைத்த, கறுப்புத் தகட்டில் செய்த ராட்சதன் ஒன்றை எடுத்து வைத்தார்கள். அணைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். வீட்டில் பெட்டியைக் கம்பியூட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “இஞ்சேருங்கோ, இதுக்குள்ள அதை வைக்கிறதோ, அதுக்குள்ள இதை வைக்கிறதோ?”

கார்டின் பெட்டிக்குள் என் கம்பியூட்டர் முழுதாகப் போயிருக்கும். மேசைவிரிப்பு எடுத்து வரட்டுமா என்று வேறு கேட்டாள். நான் மீற்றர் அண்ணைக்குத் தொலைபேசி அடித்தேன்.

அண்ணை வந்தார். கம்பியூட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“அட, இது குசினி.”

“என்ன அண்ணை?”

“பாரன். இது அலுமாரி. இது கரண்டு வாற இடம். இஞ்ச காத்துப் போகோணும். இந்த இடைவெளிக்குள்ள மெஷின் இருக்கோணும். முப்பது வருசமா இதைத்தானே செய்யிறன். சின்னனாக் கட்டியிருக்கிறாங்கள், அவ்வளவுதான்.”

மீற்றரை விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தார். கார்டுக்கு இடம் நீளத்தில் நூற்றெழுபத்தொரு மில்லிமீற்றர். உயரத்தில் எண்பது. நான் வாங்கியது முந்நூற்றுக்கு மேல். கரண்டுப் பெட்டியில் எழுதியிருந்ததையும் வாசித்து, “இந்த அரக்கன் இழுக்கிற கரண்டுக்கு உன்ர பெட்டி ஒரு வாய்கூடக் காணாது” என்றார்.

“இப்ப என்ன செய்யிறது?”

“கடை எத்தினை மணிக்குப் பூட்டும்?”

அளவை எழுதிக்கொண்டு போகலாமே என்றேன். அண்ணை பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். கம்பியூட்டரையே கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றார். மனைவி மரக்கறி வாங்கப் போகும் உருளுப் பைக்குள் அதை வைத்து, சுற்றிவரக் குளியல் துவாய் அடைத்து, ரயிலில் ஏறினோம். எதிரில் இருந்த கிழவி பைக்குள் எட்டிப் பார்த்தார். துவாயைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் கம்பியூட்டரைக் கண்டு, நாய்க்குட்டி இல்லையே என்ற ஏமாற்றத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

கடைக்காரப் பெண் இளம் பெண், பொறுமைசாலி. நான் திறந்துகூடப் பார்க்காத ராட்சதனைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். சின்னப் பெட்டிக்கென்றே அரை உயரத்தில் கட்டையாகக் கார்ட் வருகிறது என்றும், தனியாகக் கரண்டு வயர் வேண்டாம், செருகுகிற இடத்திலேயே எடுத்துக்கொள்ளும் என்றும் விளக்கினாள். “இது நூற்று அறுபத்தொன்பது மில்லிமீற்றர். உங்களுக்குச் சரி” என்று ஒன்றை நீட்டினாள்.

அண்ணை மீற்றரை எடுத்தார். பெட்டியிலேயே எழுதியிருக்கிறதே என்றாள் அவள். அண்ணை தன் குசினி ஜெர்மன் மொழியில், எழுதின ஆள் அளந்தாரா என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்து உலகத்தில் யாருக்கும் தெரியாது. மாதிரிக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அண்ணை அளந்தார். பின்பக்கத் தகட்டின் மடிப்போடு சேர்த்து நூற்றெழுபத்திரண்டு.

“ஒரு மில்லிமீற்றர் கூட,” என்று எனக்குத் தமிழில் சொன்னார். “இவை பச்சைப் பலகையை மட்டும் அளந்து எழுதியிருக்கினம். மாப்பிள்ளையைச் சப்பாத்தில்லாமல் அளந்த மாதிரி. உள்ள போகேக்க சப்பாத்தோடதானே போறார்.”

பெண் குனிந்து மீற்றரைப் பார்த்தாள். நிமிர்ந்து அண்ணையைப் பார்த்தாள். உள்ளே போய் இன்னொன்று கொண்டு வந்தாள். அதில் எழுதியிருந்தது நூற்றறுபத்தேழு. அண்ணை அளந்தால் நூற்றெழுபது. இடம் நூற்றெழுபத்தொன்று. ஒரு மில்லிமீற்றர் மிச்சம். அண்ணை அந்த ஒரு மில்லிமீற்றரை ஒரு ஏக்கர் காணி வாங்கியவர் போலப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் வெளியே வரும்போது அந்தப் பெண் மேசை அடியில் அளவுகோல் தேடி, மற்றப் பெட்டிகளை ஒவ்வொன்றாக அளக்கத் தொடங்கியிருந்தாள். எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொருத்துவது என்று முடிவு. அண்ணை சாமான் பெட்டியோடு வந்தார். கையில் மின்சாரம் இருந்தால் கார்டுக்கு ஆகாது என்று கடைக்காரப் பெண் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, என்னையும் மனைவியையும் வரிசையில் நிறுத்தி, சுவரோரத்து வெப்பக் குழாயைத் தொட வைத்தார். கோயிலில் தீர்த்தம் வாங்குவது போல நாங்கள் பவ்வியமாகத் தொட்டோம்.

மூடியைத் திறந்தால் கார்ட் இறங்கவேண்டிய வழிக்கு மேலே ஒரு தகரக் கூடு குறுக்கே நின்றது. அண்ணை சாமான் பெட்டியிலிருந்து இரும்பு வெட்டும் மெஷினை எடுத்தார்.

“அண்ணை! இண்டைக்கு ஞாயிறு!”

அவர் கை அப்படியே நின்றது. இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது. வெறும் கண்ணாடிப் போத்தலைக்கூடக் கழிவுத் தொட்டியில் போடமுடியாது. எங்கள் கீழ்வீட்டு அம்மா, நாங்கள் தேங்காய் உடைத்த சத்தத்துக்கே மேலே வந்து, யாராவது விழுந்துவிட்டார்களா என்று விசாரித்தவர். வெட்டமுடியாது என்றானபின் அண்ணை வேறு வழியில்லாமல் யோசித்தார். கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓரத்தில் நகம் அளவில் ஒரு நீலப் பிடி. இழுத்தார். கூடு பூப்போலக் கையோடு வந்தது.

சுவிற்சர்லாந்தின் சட்டங்களைப் பற்றி நான் நிறையக் குறை சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சட்டத்தை இனி ஒருவரும் என் முன்னால் தொடக்கூடாது. என் கம்பியூட்டர் துண்டு துண்டாகாமல் தப்பியது அதனால்தான்.

கார்டில் பூட்டியிருந்த நெட்டைத் தகட்டைக் கழற்றி, பையில் தனியாகக் கொடுத்த கட்டைத் தகட்டைப் பூட்டினார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“தங்கச்சி, சந்தனம் இருக்கோ?”

“அண்ணை, இது எலெக்ட்ரோனிக் சாமான்” என்றேன்.

“ஓவன் மட்டும் என்ன, பனையோலையிலயோ செய்தது?”

பொட்டு வைத்தார். கார்டின் மேல் ஓரத்தில், நடுவாக, மிளகளவில். கார்டைச் செருகினார். ‘க்ளிக்’ என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தில் மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டோம். அண்ணை ஒதுங்கி நின்றார். “வயர் எல்லாத்தையும் நீ கொழுவு தம்பி. உன்ர வீட்டுக் கரண்டு.”

கொழுவினேன். அமத்தினேன். விசிறி சுழன்றது. திரை கறுப்பாக நின்றது. ‘சிக்னல் இல்லை’ என்று ஜெர்மனில் ஒரு வரி ஓடியது.

சரியாக அந்த நேரம் வாசல் மணி அடித்தது. சகலன். கலியாணச் சேலை கொண்டு வந்திருந்தார். சேலையை மனைவி கையில் கொடுத்துவிட்டு நேரே வந்து கறுப்புத் திரையைப் பார்த்தார். திறந்த பெட்டியைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார்.

“என்ன ஐசே, கம்பியூட்டருக்குக் காதுகுத்தோ?”

சகலன் அண்ணையைத் திரும்பிப் பார்த்தார்.

“கரண்டு சாமானுக்குச் சந்தனம் பூசினால் என்னெண்டு வேலை செய்யும்? குசினிக்காரரைக் கொண்டு கம்பியூட்டர் பூட்டினால் உப்பிடித்தான். நான் நாளைக்கே ஆளைப் பிடிக்கிறன்.”

மீற்றர் அண்ணையின் முகத்தை நான் அப்படிக் கண்டதில்லை. கரண்டை நிறுத்தி, கார்டைக் கழற்றினார். மடியில் வைத்து, துணியால் அந்தப் பொட்டைத் துடைத்தார். அவர் வைத்த பொட்டை அவரே துடைத்தது அதுதான் முதல்தடவையாக இருக்கவேண்டும். கை அவ்வளவு மெதுவாகப் போனது. பிறகு அடியில் செருகுகிற தங்கநிறப் பற்களையும் அழிறப்பரால் தேய்த்தார். திரும்பச் செருகினார். அமத்தினோம். மறுபடியும் கறுப்பு.

“முடிஞ்சுது” என்றார் சகலன்.

அப்போதுதான் என் கண் பெட்டியின் முதுகுப் பக்கம் போனது. திரையிலிருந்து வருகிற வயர், ஆறு வருடமாக எந்தத் துளையில் கொழுவிப் பழகினேனோ அதே பழைய துளையில், கம்பியூட்டரின் சொந்தத் துளையில், நின்றுகொண்டிருந்தது. புதுக் கார்டின் துளைகள் கீழே வெறுமையாக என்னைப் பார்த்துச் சிரித்தன. திரை கார்டோடு கதைக்கவேயில்லை. பொட்டு வைத்தவர் பிழை செய்யவில்லை. கொழுவினவன் செய்தான்.

ஒரு ஆண்பிள்ளை அந்த இடத்தில் என்ன செய்யவேண்டும்? “பிழை என்னுடையது” என்று சொல்லவேண்டும். நான் என்ன செய்தேன்? “தூசி நிக்குது” என்று சொல்லிக்கொண்டு மேசைக்குப் பின்னால் குனிந்து, வயரைப் பிடுங்கிக் கீழ்த் துளையில் குத்திவிட்டு, நிமிர்ந்து, “இன்னொருக்கா அமத்துவம்” என்றேன்.

திரை பளிச்சென்று விடிந்தது.

“பாத்தியளோ? சந்தனம்தான்!” என்றார் சகலன்.

“ஓம், சந்தனம்தான்” என்றேன் நான்.

இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

அண்ணை மூடியை எடுத்தார். “கொஞ்சம் பொறுங்கோ” என்று எங்களுக்கு முதுகைக் காட்டி, பென்சிலால் மூடியின் உட்பக்கத்தில் ஏதோ எழுதினார். வழக்கமான அளவுதானே என்று நான் கவனிக்கவில்லை. மூடிப் பூட்டினார். முப்பத்தொரு மணித்தியாலம் என்று சொன்ன படம், நாங்கள் தேத்தண்ணி குடித்து, வடை சாப்பிட்டு, சகலன் இரண்டாவது வடையை எடுக்கும்போது முடிந்துவிட்டது.

ஓர்லிகோன் மண்டபத்தில் அந்தப் படம் ஓடியபோது நானூறு பேரும் கைதட்டினார்கள். பிள்ளை பொம்மைக் காரில் ஏறி, என் கமராவைப் பார்த்துக் கையசைக்கிற இடத்தில், மணவறையில் இருந்தவள் அதே மாதிரி என்னைத் தேடிக் கையசைத்தாள். எனக்கு அதற்குப் பிறகு திரை தெரியவில்லை. பக்கத்தில் சகலன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எங்கட வீட்டு ஆள்தான் செய்தவர், எங்கட வீட்டு ஆள்” என்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மீற்றர் அண்ணை வேட்டியோடு திரைக்குக் கீழே நின்று, அதன் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். மண்டபக்காரர் சொன்னதைவிட எட்டு சென்ரிமீற்றர் குறைவாம்.

பிறகு சகலன் மைக்கைப் பிடித்தார். நன்றியெல்லாம் சொல்லிவிட்டு, கம்பியூட்டருக்குச் சந்தனம் வைத்துக் கறுப்பாக்கிய கதையை எடுத்துவிட்டார். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. மீற்றர் அண்ணையும் சிரித்தார். நான் பாயசத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் போனது. அதற்கிடையில் அண்ணையை எத்தனையோ தடவை கண்டேன். ஒவ்வொரு தடவையும் சொல்ல வாயெடுத்து, வேறு ஏதாவது சொன்னேன். ஒருநாள் கம்பியூட்டர் உள்ளே இரைச்சல் போடுகிறதே, தூசி தட்டுவோம் என்று மூடியைக் கழற்றினேன். உட்பக்கத்தில் பென்சில் எழுத்து.

‘இடம் 171. கார்ட் 170.

பொட்டிலிருந்து பல்லுக்கு 58 மி.மீ. பொட்டு காரணமில்லை.

வயர் பழைய துளையில் நின்றது. தம்பி மாற்றினவர். நான் காணவில்லை.’

அதற்குக் கீழே, காய்ந்து வெளிறி, மிளகளவில் ஒரு சந்தனப் பொட்டு. துடைத்ததை இங்கே வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

கடைசி இரண்டு சொல்லையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். பெற்ற மகளுக்கு அரை சென்ரிமீற்றரை விட்டுக்கொடுக்காத மனிதர், பென்சிலால் எழுதிய ஒரே பொய் என் மூடிக்குள் இருக்கிறது.

தொலைபேசியை எடுத்தேன்.

“அண்ணை, மூடிக்குள்ள எழுதினதைக் கண்டனான்.”

“ஆ, தூசி தட்டினியோ? நல்லது. வருசத்துக்கு ரெண்டு தரம் தட்டோணும்.”

“ஏன் அண்ணை அப்ப சொல்லேல்லை? நானூறு பேர் சிரிச்சவையெல்லே.”

“உன்ர சகலன் பக்கத்தில நிண்டவன் தம்பி. என்னை எண்டால் ஒரு நாள் சிரிப்பினம். நான் திங்கக்கிழமை வேலைக்குப் போயிடுவன். உனக்கு அந்தக் குடும்பத்துக்குள்ளதானே இருக்கோணும்.” கொஞ்சம் நிறுத்தினார். “அதோட, சந்தனம் துடைச்சாலும் வெளியில போகேல்லை, பாத்தனியோ?”

பார்த்தேன் என்றேன்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். வயரைப் பிழையாகக் கொழுவியவன் நான். சகலனும் இந்தச் சஞ்சிகையை ஒழுங்காக வாசிக்கிறவர். இனி முப்பது வருடம் என்னைப் பரிமாறட்டும், தாங்கிக்கொள்கிறேன். எனக்கிருக்கும் ஒரே பயம், இதை வாசித்ததும் மீற்றர் அண்ணை தொலைபேசி எடுத்து, “என்னைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறாய். எழுதினவன் அளந்தவனோ?” என்று கேட்பார்.

அளந்தனான், அண்ணை. உங்களை அளக்க உங்கட ரெண்டு மீற்றர் காணாது.